முன்பல் உடைவுக்கு கம்போசிட்டா, வெனீரா, கேப்பா: எது எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: திருவான்மியூர்க்காரன்

வணக்கம். தங்கைக்கு வயது 24. மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு பற்களும்தான் பிரச்சினை.

வலது நடுப்பல்லின் உள்மூலை மூன்றில் ஒரு பங்கு உடைந்திருக்கிறது. நரம்பு வெளியே தெரியவில்லை. தட்டினால் வலியில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் மட்டும். இடது நடுப்பல்லுக்கு எட்டு வருஷத்துக்கு முன் ரூட் கேனால் செய்தது. பல் முழுசாக இருக்கிறது, பின்பக்கம் ஒரு சின்ன ஃபில்லிங் மட்டும். ஆனால் சாம்பல் நிறமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் எதுவும் இல்லை என்றார்கள்.

மூன்று க்ளினிக், மூன்று பதில். முதல் இடத்தில் உடைந்த மூலைக்கு கம்போசிட் (லைட் காட்டி இறுகவைக்கும் பல் நிற ஃபில்லிங்) போதும், கருத்த பல்லை அப்படியே விடலாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் இரண்டுக்கும் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு). மூன்றாவது இடத்தில் இரண்டுக்கும் ஜிர்கோனியா கேப் (பல்லை முழுசாக மூடும் கெட்டியான பீங்கான் உறை), பத்து வருஷ வாரண்டி அட்டையோடு.

ஒவ்வொன்றும் முன்பல்லில் உண்மையில் எத்தனை வருஷம் உழைக்கும்? கெட்டுப் போவதென்றால் எப்படிக் கெடும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில்: ஒட்டும் பல்லும் (பல் மருத்துவர், பெரம்பூர்)

முதலில் வருஷக் கணக்கு. உடைந்த மூலைக்கு நேரடியாக வாயிலேயே வைத்துக் கட்டும் கம்போசிட், பெரிய ரிப்பேர் இல்லாமல் 5 முதல் 8 வருஷம். நன்றாகச் செய்தது 10-ஐத் தாண்டும். பீங்கான் வெனீர் 10 முதல் 15 வருஷம். பத்தாம் வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 90 வெனீர் வாயில் இருக்கும் என்பது பல ஆய்வுகளின் போக்கு. முழு கேப், ஈமேக்ஸோ (கண்ணாடி கலந்த பீங்கான்) ஜிர்கோனியாவோ உள்ளே உலோகம் வைத்த பழைய வகையோ, ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு 95 பக்கம் நிற்கும், 10-15 வருஷம் எதிர்பார்க்கலாம்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் கேப்தான் ஜெயிக்கும். ஆனால் இது பொருளின் ஆயுள், பல்லின் ஆயுள் இல்லை. 24 வயதுப் பெண்ணுக்கு இன்னும் ஐம்பது வருஷம் அந்தப் பல் வேண்டும். எதைப் போட்டாலும் மூன்று நான்கு தடவை மாற்றியாக வேண்டும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: முதல் தடவை கெடும்போது அடியில் எவ்வளவு பல் மிச்சம் இருக்கும்?

2002-இல் முன்பற்களை எடை போட்டுப் பார்த்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெனீருக்கு இழைக்கும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். நல்ல பல்லில் மூன்றில் இரண்டு பங்கை இழைத்துத் தள்ளினால் அது திரும்ப வராது. உயிருள்ள பல்லாக இருந்தால் அந்த இழைப்பாலேயே பின்னாளில் நரம்பு செத்து ரூட் கேனால் வரைக்கும் போகலாம். மூலை உடைந்த பல்லுக்குக் கம்போசிட் வைக்க, விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சாய்வாகச் சீவினால் போதும்.

இன்னொரு விஷயம், எதன் மேல் ஒட்டுகிறோம் என்பது. பல்லின் வெளிக்கவசமான எனாமல் மேல் ஒட்டியது நிற்கும். அதற்கு அடியிலுள்ள டென்டின் மேல் ஒட்டியது வருஷம் போகப் போகத் தளரும், ஏனென்றால் டென்டினில் ஈரமும் கொலாஜன் நாரும் இருக்கின்றன, ஒட்டிய இடத்தை அந்த ஈரம் உள்ளிருந்தே சிதைக்கும். எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று புவானோகோர் 1955-இல் காட்டினார். அன்று 85 சதவீத அமிலம், 30 விநாடி. இன்று 37 சதவீத ஜெல், 15 முதல் 30 விநாடி. பொருள்கள் எத்தனையோ மாறிவிட்டன, அந்த அடிப்படை மாறவே இல்லை. மேல் நடுப்பல்லின் எனாமல் கடிக்கும் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், நடுவில் 0.6 முதல் 0.8, ஈறு ஓரத்தில் வெறும் 0.3 அல்லது 0.4. வெனீருக்கு என்று ஈறு ஓரத்தில் அரை மில்லிமீட்டர் சீவினாலே டென்டின் வந்துவிடும். சில வெனீர் இருபது வருஷம் நிற்பதற்கும், சில மூன்றாம் வருஷமே விளிம்பில் பழுப்புக் கோடு விட்டுக் கழன்று வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பிராண்டு இல்லை.

ஆகவே வலது பல்லுக்கு என் பதில் தயக்கமில்லாமல் கம்போசிட். எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தங்கை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கவனிக்க முடியும்.

நிறம் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்துக் காற்று பட்டாலே பல் காய்ந்து வெளுக்கும், அதற்குப் பிறகு நிறம் எடுத்தால் மறுநாள் பல் பழைய நிறத்துக்குத் திரும்பும், ஃபில்லிங் மட்டும் வெள்ளையாகத் துருத்தும். சன்னல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இல்லாமல் பார்க்க வேண்டும். நல்ல டாக்டர் ஒரு துளி கம்போசிட்டைப் பல்லின் மேலேயே வைத்து, லைட் காட்டி, ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்.

அடுத்தது ரப்பர் டேம், அதாவது எச்சிலும் மூச்சும் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் மெல்லிய ரப்பர் திரை. சென்னைப் புழுக்கத்தில் நாம் என்ன ஏசி போட்டாலும், நோயாளி விடும் மூச்சு ஈரமானது, அது ஒவ்வொரு தடவையும் பல்லின் மேல் படியும். அமிலம் வைத்துக் கழுவிக் காயவைத்த எனாமல், சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலான வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை தெரிந்த பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் மறுபடி அமிலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஈறு ரத்தம் கசிந்தால் அன்றைக்கு ஒட்டவே கூடாது. பல் சுத்தம் செய்து ஈறு ஆற ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு வருவது நல்லது.

பிறகு அடுக்கு. பின்பக்கம் மெல்லிய எனாமல் நிற அடுக்கு, நடுவில் ஒளி ஊடுருவாத டென்டின் நிறம், முன்பக்கம் மறுபடி எனாமல் நிறம். ஒரே நிறத்தை மொத்தமாக அப்பினால், உடைந்த கோடு உள்ளிருந்து சாம்பலாகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அடுக்குக்கு 20 விநாடி நீல லைட். கடைசி அடுக்கின் மேல் கிளிசரின் ஜெல் தடவி இன்னொரு தடவை லைட் காட்ட வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பு முழுசாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், அந்தப் பிசுபிசுப்புதான் பின்னால் காபிக் கறையை இழுக்கும்.

மொத்த வேலையும் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தால் இதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மூலை கட்டி மெருகேற்ற ஒரு மணி நேரம் ஆவது நியாயம். ஒரு வாரம் கழித்து மெருகுக்கு மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டால் அலையவிடுகிறார் என்று நினைக்காதீர்கள். பல் ஈரம் பிடித்து நிறம் திரும்பிய பிறகுதான் சரியாகப் பார்க்க முடியும்.

ஒன்று சொல்ல மறந்தேன். உடைந்த துண்டு கையில் இருந்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு வையுங்கள். பொருந்தினால் அதையே ஒட்டலாம், அதைவிடச் சரியான நிறம் எந்த டப்பாவிலும் கிடையாது. அடிபட்ட பல்லாக இருந்தால் ஆறு, எட்டு வாரத்தில் ஒரு தடவை, பிறகு ஒரு வருஷத்தில் ஒரு தடவை, நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்துப் பார்க்க வேண்டும்.

பதில்: லேப் மேசை (டெண்டல் டெக்னீஷியன், அண்ணா நகர்)

டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். லேப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் 'ஜிர்கோனியாதான் ஸ்ட்ராங், அதையே போடுங்க' என்று கேட்பவர்கள் அதிகம்.

ஸ்ட்ராங் என்பது உண்மை. வளைத்து உடைக்கும் சோதனையில் சாதாரண பீங்கான் 100 மெகாபாஸ்கலுக்கும் கீழே உடைந்துவிடும், ஈமேக்ஸ் வகை 400 பக்கம் தாங்கும், பழைய வகை ஜிர்கோனியா 1000-ஐத் தாண்டும். முன்பல்லுக்கென்று வரும் ஒளி ஊடுருவும் ஜிர்கோனியா அந்த அளவு இல்லை, ஏறத்தாழ 600. ஒளி விட விட பலம் குறையும், இரண்டும் ஒரே கட்டியில் கிடைக்காது.

ஆனால் முன்பல்லில் பலம் மட்டும் பேசாது, ஒட்டும் தன்மையும் பேசும். ஈமேக்ஸில் கண்ணாடி இருக்கிறது. 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 20 விநாடி வைத்தால் கண்ணாடி கரைந்து குழி குழியாகும், அதில் சிலேன் (பீங்கானையும் ரெசினையும் பிணைக்கும் திரவம்) தடவினால் ரெசின் சிமெண்ட் வேர் பிடித்த மாதிரி நிற்கும். 20 விநாடி என்றால் 20 விநாடிதான், கூட விட்டால் பலம் குறையும். ஜிர்கோனியாவில் கண்ணாடியே இல்லை, அந்த அமிலம் அதை ஒன்றும் செய்யாது. 50 மைக்ரான் அலுமினா மணலைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்டிபி என்ற பிணைக்கும் வேதிப்பொருள் உள்ள பிரைமர் தடவினால்தான் ஒட்டும். வாயில் போட்டுப் பார்க்கும்போது எச்சில் படும், எச்சிலிலுள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும், பிரைமருக்கு இடமில்லாமல் போகும். அதைக் கழுவ பாஸ்பாரிக் அமிலம் வைத்தால் இன்னும் கெடும். தனிச் சுத்திகரிப்புப் பேஸ்ட் இருக்கிறது, இல்லையென்றால் மறுபடி மணல் அடிக்க வேண்டும். 'ஜிர்கோனியா கழன்று வந்துவிட்டது' என்று திரும்பி வரும் கேஸ்களில் உள்ளே பாருங்கள், சிமெண்ட் முழுக்கப் பல்லில் ஒட்டியிருக்கும், கேப் உள்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருக்கும். அது பொருளின் குறையில்லை, இந்த ஒரு படி விடுபட்டது.

முழுசும் ஜிர்கோனியாவாக இருக்கும் கேப் உடைவது அபூர்வம். அழகுக்காக மேலே பீங்கான் அடுக்கியது என்றால் அந்த அடுக்கு சில்லாகப் பெயரும். எதைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பொருத்திய பிறகு கடியைச் சரிபார்க்க டாக்டர் தேய்த்தால், தேய்த்த இடத்தை மறுபடி கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிரே உள்ள கீழ்ப்பல்லை அரம் மாதிரி தின்னும்.

கருத்த பல்லுக்கு வெனீர் என்று சொன்ன இரண்டாவது க்ளினிக் விஷயம். 0.5 மில்லிமீட்டர் வெனீரில் சாம்பல் நிறத்தை மறைக்க முடியாது, உள்ளிருந்து நிழலாக அடிக்கும். மறைக்க வேண்டுமென்றால் 0.8, 1 மில்லிமீட்டர் கனம் வேண்டும், அல்லது ஒளி குறைந்த கட்டி வேண்டும், அப்போது பக்கத்துப் பல்லின் உயிரோட்டம் இதில் வராது, சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கும். டாக்டர் இழைத்த பிறகு அந்தக் கட்டைப்பல்லின் நிறத்தை ஷேடு கைடோடு (பல் நிற மாதிரிகள்) போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பியாக வேண்டும். 'ஏ2' என்று நிறக் குறியீட்டை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் எந்த டெக்னீஷியனாலும் முடியாது.

வெனீர் ஒட்டும் சிமெண்ட்டைப் பற்றி ஒரு வரி: லைட்டில் மட்டும் இறுகும் வகையைக் கேளுங்கள். தானாகவும் இறுகும் இரட்டை வகையில் இருக்கும் அமீன் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், மெல்லிய வெனீரில் அது வெளியே தெரியும்.

திருவான்மியூர்க்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தப் பத்து வருஷ வாரண்டி அட்டையை எப்படி எடுத்துக்கொள்வது? 'இரண்டு பல்லையும் ஒரே நேரத்தில் ஒரே பொருளில் செய்தால்தான் ஜோடி பொருந்தும்' என்றும் மூன்றாவது டாக்டர் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறதா?

பதில்: லேப் மேசை

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் கேப் என்ற பொருள் உடைந்தால் புதுப் பொருள் தருவதாகத்தான் இருக்கும். அடியில் சொத்தை வந்தால், ஈறு இறங்கி விளிம்பு தெரிந்தால், வேர் விரிசல் விட்டால், சிமெண்ட் விட்டுக் கழன்றால், அதற்கு அட்டை பொறுப்பேற்காது. முன்பல் கேப் போவதற்குக் காரணம் முக்கால்வாசி இந்த நான்கில் ஒன்றுதான். ஆக அட்டை, கெடாத ஒன்றுக்குக் காப்பீடு.

பதில்: வேர் சிகிச்சை (எண்டோடான்டிஸ்ட், வேளச்சேரி)

ஜோடி பொருத்தம் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு நடுப்பற்களும் அருகருகே இருப்பதால் ஒன்றை மட்டும் பீங்கானில் செய்து பக்கத்துப் பல்லோடு பொருத்துவது மிகக் கஷ்டமான வேலை, லேப் ஆட்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க உயிருள்ள ஒரு பல்லை இழைப்பது சரியான வழியில்லை. ஜோடி பொருந்தாததற்குக் காரணம் இடது பல்லின் கருப்பு. கருப்பை எடுத்துவிட்டால் இரண்டுமே சொந்தப் பற்கள், தானாகப் பொருந்தும்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் களைய வேண்டும்: 'ரூட் கேனால் செய்தால் கேப் போட்டே ஆகணும்.' கடைவாய்ப்பல்லுக்கு அது பெரும்பாலும் சரி, மேலிருந்து அழுத்தி இரண்டாகப் பிளக்கும் விசை அங்கே வருகிறது. முன்பல்லுக்கு அப்படி இல்லை. 1273 ரூட் கேனால் பற்களைப் பார்த்து 1984-இல் வெளியான ஆய்வு, முன்பற்களில் கேப் போட்டதாலும் போடாததாலும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று காட்டியது. பின்பக்கம் சின்னத் துளை, மற்றபடி பக்கச் சுவர்கள் முழுசு என்றால், துளையைக் கம்போசிட்டால் நன்றாக அடைப்பதே போதும். இந்தப் பல்லை கேப்புக்கு இழைத்தால் ஈறு மட்டத்தில் கழுத்து மெலியும், பிறகு வேருக்குள் போஸ்ட் என்ற கம்பி வைக்கும் பேச்சு வரும். போஸ்ட் பல்லுக்குப் பலம் தராது, மேல்கட்டுமானத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இல்லாமல் போஸ்ட் வைத்த கேப், கடைசியில் வேரைப் பிளக்கும். வேர் பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

சாம்பல் நிறத்துக்கு உள்ளிருந்து வெளுக்கும் முறை இருக்கிறது. புதிதாக எக்ஸ்ரே எடுத்து, ரூட் கேனால் நுனிவரை நன்றாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் அதை மறுபடி செய்யாமல் வெளுக்கும் வேலையில் இறங்கக் கூடாது. பின்பக்கத் துளையைத் திறந்து, உள்ளே மிச்சமிருக்கும் கருத்த ஃபில்லிங்கையும், மேல் மூலைகளில் ஒளிந்திருக்கும் பழைய நரம்புத் துணுக்குகளையும் சுத்தமாக எடுப்பார்கள். பல நேரம் கருப்புக்குக் காரணமே முதல் தடவை அந்த மூலைகளைத் திறக்காமல் விட்டதுதான். வேருக்குள் இருக்கும் ரப்பர் அடைப்பை ஈறு மட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை இறக்கி, அதன் மேல் கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டால் மூடி போடுவார்கள். இந்த மூடி முக்கியம். இல்லையென்றால் மருந்து பல்லின் கழுத்து வழியாகக் கசிந்து, வருஷங்கள் கழித்து வேரை வெளியிலிருந்து அரிக்கும். சோடியம் பெர்போரேட் தூளை வெறும் தண்ணீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், இரண்டு முதல் நான்கு தடவை ஆகும். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துச் சூடு வைக்கும் பழைய முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், வேர் அரிப்பு அதில்தான் அதிகம்.

விரும்பிய நிறத்துக்கு ஒரு சாயல் கூடுதலாக வெளுத்ததும் நிறுத்தி, இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் கம்போசிட்டை இறுகவிடாது, ஒட்டும் பலம் பாதியில் நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து நிரந்தர ஃபில்லிங்.

இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பீர்கள். சில வருஷத்தில் கொஞ்சம் நிறம் திரும்புவது சகஜம். திரும்பினால் மறுபடி வெளுக்கலாம். பல்லில் எதுவும் குறையவில்லையே.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் இடது பல்லை வெளுப்பது, தங்கை விரும்பினால் அப்போதே மற்றப் பற்களையும். பிறகு இரண்டு வாரம். அதன் பிறகுதான் வலது மூலைக்கு நிறம் எடுத்துக் கம்போசிட். கம்போசிட்டோ பீங்கானோ வெளுக்கும் மருந்தில் நிறம் மாறாது. தலைகீழாகச் செய்தால் கம்போசிட்டைப் பிடுங்கி மறுபடி வைக்க வேண்டியிருக்கும். அதுவரை கூச்சத்துக்காக உடைந்த இடத்தில் மெல்லியதாகத் தற்காலிகப் பூச்சு வைத்துக்கொள்ளலாம்.

பதில்: தர்மபுரி to தாம்பரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபுளோரைடு தண்ணீரால் பழுப்புத் திட்டு வந்த முன்பற்களுக்கும் இதே கணக்கா? வெனீர் சீக்கிரம் கழலும் என்கிறார்களே.

பதில்: ஒட்டும் பல்லும்

கழலும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபுளோரோசிஸ் எனாமலின் மேல் அடுக்கு அமிலத்தை எதிர்க்கும், அடி அடுக்கு நுண்துளை விட்டுப் பொத்தலாக இருக்கும். வழக்கமான 15 விநாடி அமிலம் போதாது. மேல் அடுக்கை லேசாக உரசிவிட்டு 30 முதல் 60 விநாடி வைக்க வேண்டும். மிதமான திட்டுகளுக்கு வெனீர் முதல் படியே இல்லை. வெளுப்பது, பிறகு அமிலமும் தூளும் சேர்ந்த பசையால் மேற்பரப்பை மெல்ல உரசி எடுப்பது, பிறகு நீர் போன்ற ரெசினை உள்ளே ஊறவைப்பது என்று ஏறிப் போக வேண்டும். குழி விழுந்து பெயர்ந்த எனாமலுக்குத்தான் கம்போசிட்டோ வெனீரோ. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்கு இது குறைய வேண்டும். முன்பல்லின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும், அதற்கு முன் குடித்த தண்ணீர்தான் கணக்கு. பெரியவர்களுக்குத் தண்ணீர் மாற்றினால் திட்டு போகாது.

பதில்: மெருகு (டெண்டல் ஹைஜீனிஸ்ட், மயிலாப்பூர்)

செய்து முடித்த பிறகு என்ன என்பதை யாரும் எழுதவில்லை. பாதி ஆயுள் அங்கேதான் போகிறது.

கம்போசிட் லைட்டில் இறுகினாலும் முழு இறுக்கம் வர ஒரு நாள் ஆகும். முதல் 48 மணி நேரம் மஞ்சள், டிகாக்‌ஷன், பீட்ரூட் வேண்டாம். சாம்பாரை விட்டுத் தயிர்சாதம், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி என்று ஓட்டிவிடலாம். அதன் பிறகு காபி குடிக்கலாம், குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.

பற்பொடியை நிறுத்த வேண்டும். சிவப்புப் பற்பொடி, கரித்தூள், உப்பு, இவற்றின் மணிகள் கம்போசிட்டின் மெருகை ஆறு மாதத்தில் தேய்த்து மங்கலாக்கும், மங்கிய இடத்தில் கறை ஏறும். வெண்மையாக்கும் பேஸ்ட்டுகளில் சிலவும் அப்படித்தான். மிருதுவான பிரஷ், சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் எழுதிய நாட்களுக்கு மேல் இழுக்காதீர்கள், பழுப்புக் கறை முதலில் பிடிப்பது ஃபில்லிங் ஓரத்தில்தான்.

கட்டிய மூலை உடைவது சாப்பாட்டால் மட்டும் இல்லை. பூ கட்டும்போது நாரையோ நூலையோ முன்பல்லில் கடித்து அறுப்பது, ஹேர்பின்னைப் பல்லால் விரிப்பது, புடவை மடிப்பு எடுக்கும்போது சேஃப்டி பின்னைப் பல்லிடுக்கில் பிடிப்பது, பால் பாக்கெட் மூலையைக் கடித்துக் கிழிப்பது. இதெல்லாம் விளிம்பின் ஒரே புள்ளியில் மொத்த விசையையும் இறக்கும். நடுப்பல்லின் உள்மூலை அதற்கு ஏற்ற இடம். சீடை, கமர்கட், பொங்கல் கரும்பு, நல்லி எலும்பு எல்லாம் கடைவாய்ப்பக்கம். கொய்யாவை நறுக்கிச் சாப்பிடுங்கள்.

இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கவனியுங்கள். இருந்தால் எந்தப் பொருளும் மேலே சொன்ன வருஷத்தைத் தொடாது. கெட்டியான அக்ரிலிக் நைட் கார்டு வேண்டும், கடையில் கிடைக்கும் மெத்தென்ற ரப்பர் வகை சிலருக்குக் கடிப்பதை இன்னும் கூட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யப் போகும்போது, எந்தப் பல்லில் கம்போசிட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேலிங் கருவியின் நுனி அதன் விளிம்பில் பட்டால் சில்லு பெயரும். வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் டிஸ்க் போட்டு மெருகேற்றினால் பழைய கம்போசிட் புதிதாகத் தெரியும். விளிம்பில் பழுப்புக் கோடு வந்தால் உடனே சொத்தை என்று மொத்தமும் பிடுங்க விடாதீர்கள். பெரும்பாலும் அது பல் மேல் வழிந்து இறுகிய மெல்லிய ஏட்டின் அடியில் ஏறிய கறைதான். அந்த ஏட்டைத் தேய்த்தெடுத்தால் கோடும் போய்விடும்.

பதில்: ஒட்டும் பல்லும்

மெருகு சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கம்போசிட்டில் ஒரு சில்லு போனால் அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி மேலேயே சேர்த்துக் கட்டலாம், அரை மணி நேர வேலை. வெனீர் விரிசல் விட்டால் மொத்தமாக இழைத்து எடுத்துப் புதிது போட வேண்டும், அந்த இழைப்பில் கொஞ்சம் எனாமலும் போகும். வருஷக் கணக்கில் பின்தங்கினாலும் இளவயதுக்குக் கம்போசிட்டை முதலில் சொல்வதற்கு இதுவே காரணம். 35, 40 வயதில் ஃபில்லிங் பெரிதாகி, ரிப்பேர் அடிக்கடி வந்தால் அப்போது வெனீர் யோசிக்கலாம். எனாமல் அப்படியே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. மேற்பல் கீழ்ப்பல்லின் மேல் ஆழமாக இறங்கியிருந்தாலோ, இரண்டும் முனைக்கு முனை மோதினாலோ கம்போசிட் மூலை ஒரு வருஷம்கூட நிற்காமல் போகலாம். அங்கே பொருளை மாற்றுவது தீர்வில்லை, முதலில் கிளிப் போட்டுக் கடியைச் சரிசெய்ய வேண்டும். தங்கையை நேராகக் கடிக்கச் சொல்லி, பிறகு கீழ்த்தாடையை முன்னே நகர்த்தி முனைக்கு முனை வைக்கச் சொல்லிப் பாருங்கள். உடைந்த மூலையில் கீழ்ப்பல் முதலில் தட்டுகிறதா?

திருவான்மியூர்க்காரன்

பார்த்தோம். நேராகக் கடித்தால் தொடவில்லை. முன்னே நகர்த்தும்போது இரண்டு நடுப்பற்களும் ஒன்றாகத் தொடுகின்றன, உடைந்த பல்லில் மிச்சமுள்ள பகுதிதான் தொடுகிறது. மூலைக்கு எதிரே இடைவெளி இருக்கிறது.

பதில்: ஒட்டும் பல்லும்

அப்படியென்றால் நல்லது. கம்போசிட் வைத்த பிறகு டாக்டர் நீலத்தாள் வைத்துக் கடி பார்ப்பார். 'டக் டக்' என்று நேராகக் கடிப்பதோடு விடாமல், முன்னேயும் இரண்டு பக்கமும் நகர்த்தச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னே நகரும்போது புது மூலையில் தனியாகக் கறுத்த புள்ளி விழக் கூடாது, இரண்டு பல்லிலும் சமமாக மெல்லிய கோடு விழ வேண்டும். அந்தப் புள்ளியை விட்டுவிட்டு வந்தால் அடுத்த மாதமே துண்டு கையோடு வரும்.

செலவு கணக்குப் பார்க்க வேண்டியிருந்தால் கோட்டை ஸ்டேஷன் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ரூட் கேனாலுக்கும் ஃபில்லிங்குக்கும் தனித் துறை உண்டு. முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் கூட ஆகும், ஒரு பல்லுக்கு அரை நாள் ஒதுக்கிக்கொண்டு காலையிலேயே போங்கள். பழைய ரூட் கேனால் எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள், புதியதோடு ஒப்பிட அது தேவைப்படும்.